காலி அட்டைகளை எண்ணுகிறவர்

என் மாமனார் ஒரு துணி ஆலையின் வாசலில் சோதனைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பை, சாப்பாட்டு டப்பா, மடித்த குடை எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். உத்தியோகம் போனது, பார்வை போகவில்லை. நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் முதலில் பையைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அழுகை அழுகையாக வரும். பிறகு பழகிப்போய், அவர் கேட்பதற்கு முன்னால் நானே பையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போவேன்.

ஆலை வாசலில் மயங்கி விழுகிறவர்களை அவர் நம்பவே மாட்டாராம். "தலை சுத்துதுன்னு எவன் சாயறானோ, அவன் இடுப்புலதான் திருட்டுத் துணி இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் தலை சுற்றியதே கிடையாது.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சிறுநீரகம் பாதி கெட்டுப்போனது. பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் மிச்சமிருப்பதை வைத்துக் காலம் தள்ளலாம், ஏறினால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா தன் உடம்புக்கும் சோதனை போட ஆரம்பித்தார். தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல். அதில் ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம், மருந்துச் சீட்டு ஒரு பக்கம், ஸ்கேன் எல்லாம் கடைசியில், அத்தனையும் தேதி வரிசையில். காலையும் மாலையும் கையில் பிரஷர் மெஷினைக் கட்டி, வந்த எண்ணை எழுதி வைப்பார். டாக்டர் எந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டாலும் அவர் விரல் நேரே அங்கே போய் நிற்கும். மற்ற நோயாளிகளிடம் நர்ஸ்கள் அவரைக் காட்டி, பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு தடவை மாத்திரை தொண்டையில் சிக்கிப் படாத பாடு பட்டதால், அவருக்கு எல்லாவற்றையும் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். அது அத்தையின், என் மாமியாரின் வேலை. ஒவ்வொன்றாக இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, வெந்நீரில் குழைத்து எடுத்து வருவார். மருந்தோடு மாத்திரை அட்டையையும் காட்ட வேண்டும். தீர்ந்த அட்டைகளை மாமா ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் எண்ணி மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பார். ஒருநாளும் கணக்கு பிசகியதில்லை.

அப்படி இருந்தும் போன வருஷம் பிரஷர் ஏறத் தொடங்கியது. மாமா முதலில் மெஷின்மேல் சந்தேகப்பட்டார். புது மெஷின் வந்தது, அதுவும் அதே எண்ணைக் காட்டியது. அடுத்து மருந்துக் கடைக்காரர்மேல். போலி மாத்திரை விற்கிறான் என்று கடையை மாற்றினார், அப்போதும் இறங்கவில்லை. மூன்றாவதாக நான். உப்பு டப்பாவின்மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்து, தினமும் சமையல் முடிந்ததும் வந்து பார்ப்பார். உப்பே இல்லாமல் சமைத்து, அதை வாய்க்குள் தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தவள் நான். என்மேலேயே பழி என்றால் பற்றிக்கொண்டு வராதா?

டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. அப்படியானால் மருந்து போதவில்லை என்று இரண்டு மடங்கு அளவுள்ள மாத்திரையை எழுதினார். உடனே பிரஷர் இறங்கியது. மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உப்பு டப்பாவின் கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அத்தையின் தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று ஆள் தேவைப்பட்டது. அத்தை கிளம்பும்போது மருந்துப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னவோ சொல்ல வந்தவர் போல வாசற்படியில் நின்றார். பிறகு, பார்த்துக் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நானும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். கரண்டியில் ஒரு துகள் மிஞ்சினாலும் வழித்துக் குழைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மாமா குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் கிடுகிடுவென்று இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். சிறுநீரகத்துக்கும் அடி விழுந்திருக்கலாமாம். ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை கொடுத்தீர்களா என்று டாக்டர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். யார் நம்புவது? நாத்தனார் போனில், அப்பாவுக்கு என்ன கொடுத்தாய் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குள் போய், மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதைவிட இவர் கேட்காததுதான் எனக்கு வலித்தது.

மாமா கட்டிலில் படுத்தபடியே பிஸ்கட் டப்பாவையும் மீதி அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கணக்கு சரியா இருக்கிற பையைத்தான் ரெண்டாவது தடவை பாக்கணும்" என்றார்.

அன்று மாலையே அத்தை வந்துவிட்டார். முகம் வெளுத்து, நெற்றியில் இறுக்கமாகத் துணி கட்டியிருந்தார். கேட்டதற்குப் பயணக் களைப்பு என்றார். என்னை யாராவது ஒரு சொல் சொன்னால், அவளை ஏன் சொல்றே என்று குறுக்கே வந்து நிற்கிற அத்தை, அன்று ஆளாளுக்கு என்னைப் பேசியபோது வாயே திறக்கவில்லை. என் கண்ணைப் பார்க்கவும் இல்லை. இத்தனை வருஷம் மாமாவோடு குப்பை கொட்டியவள் நான், சந்தேகம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்காதா? இவருக்கு என்னவோ தெரியும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

பழைய அளவு மாத்திரையையே எழுதிக்கொடுத்து மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை, துணி மடிக்கிற சாக்கில் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை பிரஷர் மாத்திரையை நசுக்கினார். கத்தி முனையால் பொடியை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைக் குழைத்து மாமாவுக்கு வைத்தார். மறுபாதியை நாக்கில் தட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை, என்ன இது என்றேன், அவ்வளவுதான்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். போன வருஷம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மாமாவுக்காகக் காத்திருந்தபோது ஒரு நர்ஸ் சும்மா இவர் கையிலும் மெஷினைக் கட்டிப் பார்த்தாளாம். உங்களுக்கும் ஏறியிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்றாளாம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பிரஷர், அப்படியானால் மாத்திரையும் ஒன்றுதானே என்று இவராக முடிவு கட்டிக்கொண்டார்.

"முழுசா எடுத்தா எண்ணிக்கையில தெரிஞ்சிடும். அதான் பாதி" என்றார். "நான் ஊருக்குப் போனதும் நீ முழுசா குடுத்துட்டே, அவர் விழுந்துட்டார். அவருக்குப் பாதியே போதும் போலிருக்குன்னு நினைச்சேன். நானும் சீக்குன்னு ஒரு ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சா, அவரை யாரும்மா பாக்கறது?"

எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று நான் ஒதுங்கினேன். அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னேனே. தலை சுத்துதுன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அன்றே எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பாதிதான் உள்ளே போகிறது என்று தெரியாமலா நான் அளவை ஏற்றினேன் என்று எங்கள் மூன்று பேரையும் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். மாமாவின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்ததில் சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போயிருந்தது, ஆனால் டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. இனி மாத்திரையை முழுசாகக் கொடுத்தால் சமாளிக்கலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு டாக்டர் அத்தையின் கையில் மெஷினைக் கட்டினார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தார்.

"எப்பலேருந்து உங்களுக்குத் தலை சுத்துது?" என்று கேட்டார்.

அத்தை பழக்கதோஷத்தில் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவர் அவர்தான். மாமாவும் பழக்கதோஷத்தில் மடியிலிருந்த ஃபைலைத் திறந்தார். ரத்தம், மருந்துச் சீட்டு, ஸ்கேன் என்று கடைசிவரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து ஒருமுறை புரட்டிவிட்டு மூடினார்.

"தெரியலீங்க டாக்டர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாம்மா?"

அந்தக் கேள்வியில் சந்தேகம் துளிகூட இல்லை. எனக்கும் தெரியவில்லை.