பெட்டிக்குள் இருக்கும் லியோன்

குருநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மெசின் பார்க்கும் கிறிஸ்ரோபருக்கு, குடியிருக்கும் ஒழுங்கைக்குள் இன்னொரு உத்தியோகமும் உண்டு. சம்பளமில்லாத உத்தியோகம். கலியாணம், முதல்நன்மை, வள்ளம் மந்திரிப்பு, செத்தவீடு என்று யார் எதை வீடியோ எடுத்தாலும் கடைசியில் அவர் வீட்டு முன்னறை மூலையில் இருக்கும் சேர்வர் பெட்டிக்குள்தான் கொண்டுவந்து போடுவார்கள். போன் கடலுக்குள் விழும், பென்ட்ரைவைப் பிள்ளை சப்பும், கிறிஸ்ரோபரின் பெட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்பது சனத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. பின்னேரங்களில் அதே பெட்டியிலிருந்துதான் அக்கம்பக்கத்து ரீவிகளுக்கும் சினிமாப் படங்கள் போகும். அதனால் அவருடைய மனைவி அற்புதராணி அதற்கு வைத்த பெயர் படப்பெட்டி.

முன்வீட்டுச் சிசிலியா அக்காவுக்கு மட்டும் அது வேறு. அவருடைய கணவர் லியோன் பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் கடல்தொழிலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, உடலும் கரையொதுங்கவில்லை. மரித்தோர் நாளில் ஊரே சவக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும். அக்காவுக்குப் போய்க் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. ஆகவே திரியோடு கிறிஸ்ரோபர் வீட்டுக்கு வருவார். லியோன் நடமாடும் வீடியோ உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. புது வள்ளம் மந்திரித்த அன்று கிறிஸ்ரோபர் எடுத்த நாலு நிமிடம். சுவாமி தீர்த்தம் தெளிக்கும்போது லியோன் பின்னால் நின்று சோடாப் போத்தலைப் பல்லால் திறப்பார். பிறகு கமராவைக் கண்டுவிட்டு, “டேய், என்னையே எடுக்கிறாய்? சுவாமியை எடடா!” என்று சிரிப்பார். அக்கா ரீவிக்கு முன்னால் திரியை வைத்து, அதை ஒருதரம் பார்ப்பார். ஒருதரம்தான். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

“உங்கடை போனிலை போட்டு விடட்டே அக்கா?” என்று கிறிஸ்ரோபர் ஒருமுறை கேட்டார்.

“வேண்டாம் தம்பி. கையிலை கிடந்தா நாளும் பொழுதும் பாத்துக்கொண்டிருப்பன். சவக்காலையை ஆரும் கையிலை கொண்டு திரியிறவையே? வேறை ஒரு இடத்திலையும் எடுத்து வைக்காதை. அவர் இதுக்குள்ளையே இருக்கட்டும்.”

கிறிஸ்ரோபர் சரியென்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை மீறத் தெரியாத மனிதர்களால் சில நேரம் பெரிய தொல்லை வரும்.

இந்த ஐப்பசியில் பெட்டி நிரம்பிவிட்டது. உள்ளேயிருந்த நாலு ஹார்ட் டிஸ்க்கில் நாலாவது, தனக்கு உடம்பு சரியில்லையென்று திரையில் முறைப்பாடு வைக்கவும் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த மச்சான் றோய் பெரிய டிஸ்க் நாலு கொண்டுவந்து கொடுத்தான். பழையதில் ஒன்றைக் கழற்றிப் புதியதைச் செருகினால், மற்ற மூன்றும் சேர்ந்து புதியவனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும். முழுதாக ஒரு நாள் பிடிக்கும். பிறகு அடுத்தது. திருநாளில் நாலு பேர் புனிதரின் சுருவம் தூக்கிப் போகும்போது ஒருவர் தோள் மாற்றுவது போலத்தான். மூன்று பேர் தாங்குவார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் கால் இடறினால் சுருவம் நிலத்தில்.

நோயாளியைக் கடைசிக்கு விட்டது கிறிஸ்ரோபரின் பிழை. அதை முதலில் மாற்றியிருக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போவதுதான் ஒழுங்கு என்று நினைத்துவிட்டார். இரண்டும் நல்லபடி முடிந்தன. மூன்றாவதைப் புதன்கிழமை காலை செருகி, எழுதத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

மத்தியானம் கோயிலில் துக்கமணி அடித்தது. ஒழுங்கை முடக்கில் இருக்கும் அருட்பிரகாசம் ஆஸ்பத்திரியில் மோசம்போய்விட்டார். ஒழுங்கையில் ஒரு சாவென்றால் எந்த வீட்டிலும் ரேடியோ, ரீவி ஓடக்கூடாது. அற்புதராணி ரேடியோவை நிறுத்தினாள், ரீவியை நிறுத்தினாள், பிறகு படப்பெட்டியின் சுவிட்சையும் நூத்தாள். கரண்ட் போனாலும் பெட்டி நிற்காதிருக்கக் கிறிஸ்ரோபர் ஒரு யூபிஎஸ் பூட்டியிருந்தார். அது கீக் கீக் என்று கத்தியது. செத்தவீட்டு நேரத்தில் இதென்ன கூத்தென்று அவள் அதன் பொத்தானையும் அமத்தினாள். கரண்ட் வெட்டைத் தாங்க ஆயத்தமாயிருந்த மனுசன் மனைவிக்கு ஆயத்தமாயிருக்கவில்லை.

வேலையால் வந்து பெட்டியில் ஒரு வெளிச்சமும் இல்லாததைக் கண்ட கிறிஸ்ரோபர் அற்புதராணியை வாய்க்கு வந்தபடி ஏசினார்.

“இஞ்சேருங்கோ, நான் என்னத்தைக் கண்டன்?” என்றாள் அற்புதராணி. “மணி அடிக்குது, உது மூலையிலை கிடந்து பச்சை லைற்றோடை இரையுது. ஆரும் கேட்டால், செத்தவீட்டு நாளிலை உவை படம் பாக்கினம் எண்டெல்லோ கதைப்பினம்!”

“உதுக்குள்ளை லியோன் அண்ணை இருக்கிறாரெடி!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு அவர் ஏசவில்லை.

மறுபடி போட்டபோது நாலாவது டிஸ்க் சுற்றவில்லை. டிக், டிக் என்று தட்டிவிட்டு நின்றது. சூடு ஆறட்டுமென்று நிறுத்திவிட்டு அருட்பிரகாசத்தின் வீட்டுக்குப் போய் மற்ற ஆம்பிளைகளோடு கதிரை அடுக்கினார். திரும்பி வந்து போட்டார். அப்போதும் டிக், டிக். மூன்றாம் தரம் போட்டபோது அது முக்கி முனகிச் சுற்றத் தொடங்கியது. எழுதும் வேலை முதலிலிருந்து ஆரம்பித்தது. வியாழக்கிழமை அவர் லீவு போட்டார். அடக்கத்துக்குப் போன நேரம் அற்புதராணி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பெட்டிக்குக் காவலிருந்தாள், தூசு தட்டக்கூட ஒருவரையும் கிட்ட விடவில்லை. பின்னேரம் நாலு லைற்றும் பச்சையாயின. லியோனின் வீடியோவைத் திறந்து, சோடாப் போத்தலைக் கண்டதும் நிறுத்தினார். அக்கா இல்லாமல் மீதியைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் நாலாவதையும் மாற்றினார்.

மரித்தோர் நாள் பின்னேரம் சிசிலியா அக்கா திரியோடு வந்தார். ஒன்றும் நடக்காதது போல வீடியோவைப் போட்டுவிட்டிருக்கலாம். கிறிஸ்ரோபரால் முடியவில்லை.

“அக்கா, போன கிழமை லியோன் அண்ணையைத் துலைச்சுப்போடப் பாத்தம்,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அற்புதராணி குசினி வாசலில் தலையைக் குனிந்தபடி நின்றாள்.

அக்கா அவளைப் பார்த்தார். “அருட்பிரகாசம் அண்ணைக்காகவோ பிள்ளை நூத்தனி?”

“ஓம் அக்கா.”

“செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறாய்.” அக்கா திரியை ரீவிக்கு முன்னால் வைத்தபடி சொன்னார்: “லியோனுக்கு ஒருத்தரும் ரேடியோ நிப்பாட்டேல்லை. இண்டைக்கு வருவார், நாளைக்கு வருவார் எண்டு இருந்ததிலை எந்த நாள் நிப்பாட்டுறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. மணியும் அடிக்கேல்லை.”

லியோன் காணாமல்போன அந்த மார்கழியில் நத்தாருக்குத் தன் வீட்டிலும் பாட்டு ஓடியதை நினைத்துக் கிறிஸ்ரோபர் வெட்கப்பட்டார்.

வீடியோ ஓடி முடிந்தது. அக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை. “தம்பி, இண்டைக்கு அவருக்காக உதை ஒருக்கா நூத்துவிடு,” என்றார்.

கிறிஸ்ரோபர் முறைப்படி பெட்டியை நிறுத்தினார். ஒவ்வொரு லைற்றாக அணைந்து இரைச்சலும் நின்றது. உடனே மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“கிறிஸ்ரோபர் அண்ணை! படம் நிண்டு போச்சு!”

அற்புதராணி முற்றத்துக்கு இறங்கி மதிலடிக்குப் போனாள்.

“ஓம். நாங்கள்தான் நிப்பாட்டினாங்கள்,” என்றாள். “லியோன் அண்ணை செத்துப்போனார்.”

முன்னறையில் சிசிலியா அக்கா, இந்தப் பதின்மூன்று வருடத்தில் முதல்தடவையாக, வாய்விட்டு அழுதார்.