பழைய பதிவை அழிக்கும் பெட்டி

வெள்ளவத்தைத் தனஞ்சயனுக்கு முப்பத்தெட்டு வயது. இதுவரை அவன் ஒரு பிழையும் விட்டதில்லை. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். மூன்று கம்பனிகள் அவனை வீட்டுக்கு அனுப்பின. மூன்றிலும் மனேஜர்மார்தான் மடையர்களாம்.

கொட்டாஞ்சேனையில் பாட்டு வகுப்பு நடத்தும் யோசெப்பின் ரீச்சருக்கு அவன் ஒரு பதிவுப் பெட்டி செய்து கொடுத்தான். பொத்தானை அழுத்தினால் பாட்டு மெமரி கார்டில் பதியும். கார்ட் நிரம்பிவிட்டால், அடுத்த பதிவு தொடங்குமுன் தேதிப்படி ஆகப் பழைய ஃபைலைப் பெட்டியே அழித்துவிடும். அழிக்கும் பகுதிக்கு வெறும் பதினொரு வரி கோட்தான் என்று அவன் அளந்ததைக் கேட்க வேண்டும். துறைமுகத்தையே தனியாளாகக் கட்டியவன் தோற்றான்.

ஜூன் மாதம் கார்ட் நிரம்பியது. அன்றிலிருந்து நேற்றுப் பாடியது இன்று இருப்பதில்லை. மாணவி யதுஷா பரீட்சைக்கு அனுப்பவென்று பாடியதும் போனது.

"கார்ட் சரியில்லை ரீச்சர். நிலாமின்ர கடையில வாங்கினது. அங்க எல்லாம் போலிச் சாமான்" என்றான் தனஞ்சயன்.

பழைய பதிவுகளை இன்னொரு கார்டுக்கு மாற்றிக் கொடுத்தான். அதிலும் அதே கதை. மூன்றாவதிலும் அப்படியே. கடைக்குப் போய்ச் சத்தம் போட்டான். நிலாம் மூன்றையும் கணினியில் சோதித்துவிட்டு, "மூணும் நல்லாத்தான் ஈக்குது சேர்" என்றார். கார்ட் விற்பவனுக்கு என்ன தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தான்.

கடைசியில் ரீச்சரே கார்டைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"தம்பி, இண்டைக்குப் பாடினதுக்கு 1980 ஜனவரி ஒண்டு எண்டு கிடக்கு. அப்ப நான் மூண்டாம் வகுப்பு."

கரண்ட் போனாலும் பெட்டியின் கடிகாரத்தை ஓடவைக்கும் பற்றறி வீண் செலவு என்று அவன் வைக்கவில்லை. ஜூனில் ஒருமுறை கரண்ட் போனதும் கடிகாரம் 1980க்குத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு பதிந்ததெல்லாம் அந்தப் பதினொரு வரிக்கு ஆகப் பழையவை; முதலில் அழிந்ததும் அவைதான்.

"கரண்ட் போனா நான் என்ன செய்யிறது?" என்றான்.

"அழிஞ்சதை எடுக்கேலுமா?"

ஏலாது. அழிந்த ஒவ்வொன்றின் இடத்திலும் அடுத்த பாட்டு ஏறியிருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது.

"சரி, பெட்டியக் கொண்டுபோங்க. யதுஷா திரும்பப் பாடட்டும், ஃபோன்ல எடுக்கிறன்."

வீட்டில் அவன் தேதியை விட்டு ஃபைல்களுக்கு வரிசை எண் கொடுத்தான். அரை மணித்தியால வேலை. நிலாமிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இப்போதும் ஆரும் கேட்டால், அந்தக் கடையில் கார்ட் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறான்.