வளைவு ஐயாவுக்கு மூன்று ஹாரன்

கேவ்தா வண்டியிலிருந்து விழுந்ததில் முழங்கையில் கொஞ்சம் தோல் போயிற்று, அவ்வளவுதான். கழுவி, துடைத்து, மருந்து தடவிவிட்டால் தானாக ஆறிவிடுகிற காயம். ஆனால் மகள் பிம்பா சியாங் மாயிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிய வேகத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக் சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புச் சட்டையைத் தேட உள்ளே போய்விட்டாள்.

கேவ்தா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய வித்துடலாம்மா. வாங்கிக்க ஆளும் பாத்துட்டேன்" என்றாள் பிம்பா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"நாய் குறுக்க வந்தா அதுக்கு வண்டி என்னடி பண்ணும்?"

"அறுபது வயசுக்கு மேல ஆச்சு. கண்ணு சரியாத் தெரியுதா உனக்கு?"

"உன் தலையில எண்ணெய் வெச்சு ஒரு வாரம் ஆச்சுங்கிறது வரைக்கும் தெரியுது."

அந்த வண்டி ஒரு பழைய நூறு சிசி. சிவப்பாக இருந்து இப்போது அவித்த இறாலின் நிறத்துக்கு வந்திருந்தது. முன்னால் ஒரு கம்பிக் கூடை. கூடைக்குள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, துண்டில் சுற்றி, ரப்பர் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். கேவ்தா ஊர் சுகாதாரத் தொண்டர். மலைக்கு அந்தப் பக்கம் ஹுவாய் காம் கிராமத்துப் பெரியவர்களுக்கு வாராவாரம் வியாழக்கிழமை போய் அழுத்தம் பார்த்து, மாத்திரையை விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவாள்.

அவளுடைய சேவை மனப்பான்மையை மாவட்டத்தில் பாராட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள்கூடக் கொடுத்திருந்தார்கள். சேவையில் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் தொண்டர்களைக் கூட்டி யாருக்கு எந்த ஊர் என்று கேட்டபோது, எல்லோரும் சமவெளியில் இருக்கிற ஊர்களுக்குக் கை தூக்க, கேவ்தா மட்டும் ஹுவாய் காமுக்கு இரண்டு கையையும் தூக்கினாள். காரணம் அந்த ஊர் மக்கள் அல்ல, அந்த ஊருக்குப் போகிற பாதை. மலையைப் பாம்பு சுற்றினாற்போல ஏறி இறங்குகிற தார் ரோடு. நேராகப் போகலாம் என்று நினைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அந்தப் பாதையில் சின்ன வண்டியின் சுகமே தனி. வார இறுதியில் பாங்காக்கிலிருந்து பெரிய பெரிய பைக்குகளில் தோல் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள், முறுக்குவார்கள், உடனே பயந்து பிரேக் பிடிப்பார்கள். பாவம், இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதில் பாதியைக்கூட அவர்கள் உபயோகிக்க முடியாது. கேவ்தாவின் வண்டியை முழுக்க முறுக்கினாலும் கோபம் வந்த எருமையின் வேகத்துக்கு மேல் போகாது. அதனால் முழுக்க முறுக்கலாம். மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே ஏறி, வளைவுக்கு முன் லேசாக விட்டு, இடுப்பைச் சாய்த்தால் வண்டியும் கூடவே சாயும். கால்மிதி தாரில் உரசி 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் கேவ்தா வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

வண்டி போய்விட்டால் கணவன் இன்தாவின் பிக்கப்பில்தான் போக வேண்டும். இன்தாவுக்கு மூன்று வளைவு தாண்டினால் குமட்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் பின்னால் உட்கார்ந்து வந்தவன், பாதியில் இறங்கி, வீடுவரை நடந்தே வந்தான். அதற்கப்புறம் இன்றுவரை பின்னால் ஏறவில்லை.

"நாளைக்கு நான் உன் பின்னாடி வர்றேன்" என்றாள் பிம்பா. "போயிட்டுத் திரும்புறதுக்குள்ள ஒரே ஒரு தடவ நான் பயந்தேன்னாலும் வண்டி போயிடும். சரியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்தா சோற்றுக் கூடையிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப வண்டி போச்சு" என்றான்.

மறுநாள் கேவ்தா கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போவதுபோல ஓட்டினாள். சமவெளியில் ஒரு கோழி அவளைத் தாண்டிப் போயிற்று. பிம்பாவுக்குப் பரம திருப்தி. "இப்படி ஓட்டினா யாரு என்ன சொல்லப்போறா" என்றுகூடச் சொன்னாள். மலை ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசி வளைவில், இரண்டு பேர் பாரத்தோடு, நடக்கிற வேகத்தில் திரும்பினால் நூறு சிசி என்ன செய்யும்? இருமியது, குலுங்கியது, நின்றது. நின்றதோடு பின்னால் உருளவும் ஆரம்பித்தது. பிம்பா அலறிக்கொண்டு குதித்தாள்.

"இதையும் பயம்னு எடுத்துக்குவியா?" என்றாள் கேவ்தா, பிரேக்கை இறுக்கிக்கொண்டு.

"தள்ளட்டுமா வேண்டாமா, அதச் சொல்லு!"

பிம்பா தள்ளினாள். அடுத்த வளைவிலும் தள்ளினாள். மூன்றாவதில் அவளுடைய நல்ல செருப்பின் வார் அறுந்தது. வெறுங்காலோடு சூடான தாரில் நின்று, முகத்தில் வேர்வை வழிய, "எப்பவும் இப்படித்தான் போவியா?" என்றாள்.

"எப்பவுமா? இப்படிப் போனா அடுத்த வியாழக்கிழமைதான் போய்ச் சேருவேன்."

"அப்ப எப்படிப் போவியோ அப்படிப் போ. எனக்குத் தள்ள முடியாது."

கேவ்தா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள். "நான் சாயுற பக்கம் நீயும் சாயணும். கருங்கல்லு மாதிரி நிமிந்து உக்காந்தே, ரெண்டு பேரும் முட்டைக்கோசு வயலுக்குள்ள இருப்போம்."

அதற்கப்புறம் வந்த முதல் வளைவில் பிம்பா தாயின் வயிற்றைக் கிள்ளினாள். இரண்டாவதில் கடவுளைக் கூப்பிட்டாள். நான்காவதோ ஐந்தாவதோ, கால்மிதி 'க்ரீச்' என்றபோது, அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அலறல் இல்லை. கேவ்தாவுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். மகள் சின்ன வயதில் கோயில் திருவிழா ராட்டினத்தில் இதே சத்தத்தைத்தான் போடுவாள். கேவ்தா இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

உச்சிக்கு அப்பால், இறக்கம் தொடங்குகிற பெரிய வளைவில் ஐயாவின் கோயில் வந்தது. தூண்மேல் நிற்கிற சின்னக் கோயில். சுற்றிலும் காணிக்கையாக வைத்த வரிக்குதிரை பொம்மைகள், ஸ்ட்ரா போட்ட சிவப்புச் சோடா பாட்டில்கள். அந்த வளைவைக் காக்கிற ஐயாவுக்கு மூன்று ஹாரன் அடித்து வணக்கம் சொல்லாமல் லாரிக்காரன்கூடத் தாண்ட மாட்டான்.

"கும்புடுடி, கும்புடு! எனக்கும் சேத்து!" என்றாள் கேவ்தா.

பிம்பா சட்டென்று இரண்டு கையையும் குவித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். வளைவு தாண்டியது. பிம்பா கையை இறக்கித் தாயின் இடுப்பைப் பிடித்தாள்.

"ஏம்மா ஹாரன் அடிக்கல?"

"மழையில செத்துப்போச்சு."

"அப்ப தனியா வர்றப்ப யாரு கும்பிடுறது?"

கேவ்தா தேவையில்லாமல் ஒரு கியர் மாற்றினாள்.

"அந்த நாய் என்ன நிறம்மா?"

"கறுப்பு."

"போன்ல வெள்ளைன்னு சொன்னே."

"புள்ளி போட்ட நாயி."

"வண்டிய நிறுத்து."

நிறுத்தினாள். பிம்பா இறங்கி, வெறுங்காலோடு முன்னால் வந்து நின்றாள். "வளைவுல ரெண்டு கையையும் விட்டியா?"

"கும்புடுறதுன்னா ரெண்டு கைதான்டி. தலைய மட்டும் ஆட்டிப் பாத்தேன். மரியாதையா இல்ல."

"நிறுத்திட்டுக் கும்பிட வேண்டியதுதானே?"

கேவ்தா கைப்பிடியைத் துடைத்தாள். "நிறுத்தினா வந்த வேகம் போயிடுமே."

பிம்பா தன் அறுந்த செருப்பைப் பார்த்தாள். மேலே, தாங்கள் வந்த வளைவுகளைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, "போ" என்றாள்.

அன்று மாலை அவள் வண்டியை நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். கேவ்தா பின்னாலேயே ஓடினாள், விற்கத்தான் போகிறாள் என்று.

"இருக்கிறதுலயே பெரிய ஹாரன் எது?"

"இது இருக்கு, ஆனா பத்துச் சக்கர லாரிக்குப் போடுறது."

"போடுங்க. சத்தம் அந்த ஐயாவுக்குத் தூக்கத்துலயும் கேக்கணும்."

வண்டி தப்பியது. அடுத்த வியாழக்கிழமை கேவ்தா வளைவில் மூன்று முறை அடித்தாள். மலையே அதிர்ந்தது. ஐயாவுக்குக் கேட்டதோ இல்லையோ, கீழே ஹுவாய் காம் முழுவதுக்கும் கேட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் வெந்த பூசணிக்காயும் மீனும் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். அழுத்தம் மட்டும் முன்னைவிட ஏறியிருந்தது.

"பூசணிதான் சாப்பிடுறேன் கேவ்தா, சத்தியமா" என்றார் சேங் மாமா.

கேவ்தா பாயில் உட்கார்ந்தாள். பாய் நொறுங்கியது. தூக்கிப் பார்த்தால் ஒரு தட்டுப் பன்றித்தோல் வறுவல்.

"உன் ஹாரன் கேட்டதும் அவசரத்துல வெச்சேன்" என்றார் மாமா, வெட்கமே இல்லாமல். "ரொம்ப நல்ல ஹாரன்."

அதிலிருந்து கேவ்தா ஹுவாய் காமுக்குப் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு மலை தாண்டி, சத்தமில்லாமல் போய்ச் சேருகிறாள். அந்த வழியில் கோயில் கிடையாது. திரும்பும்போது பழைய பாதையில் வந்து, ஐயாவுக்குப் போனதற்கு மூன்று, வந்ததற்கு மூன்று என்று சேர்த்து அடித்துவிடுகிறாள்.

"அந்தப் பக்கம் வளைவு மூணு மடங்காச்சே" என்றான் இன்தா, கேட்டதுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"என்ன பண்றது? அவங்க ரத்த அழுத்தம் அப்படி இருக்கே" என்றாள் கேவ்தா. கருவியைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக் கட்டினாள். அன்று புதன்கிழமைதான்.