கோட்டம் வைத்த சக்கரம்

இடது கை சக்கரத்தைச் சுழற்றிவிட்டது. ரிம் இம்மியும் ஆடாமல் ஓடியது. வலது கை அதை நிறுத்தி, மூன்று போக்ஸ் கம்பிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று தளர்த்தியது. மறுபடி சுழன்றபோது ரிம் குடித்தவன் நடைபோல ஆடியது.

நேரான சக்கரத்தைக் கோணலாக்கியவர் அமானுல்லா. ஆடும் சக்கரத்தை நேராக்கி, கோட்டம் எடுப்பதற்கு விருத்தாசலத்தில் பேர்போனவர். சவுதியில், தமாமில் பதினோரு வருஷம் குழாய் பொருத்திவிட்டு வந்து, செராமிக் பேட்டைக்குப் போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்தார். கியர் சைக்கிளை யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றை வாங்கி ஏழு முறை பிரித்து ஏழு முறை மாட்டினார். ஏழாவது முறைதான் கையில் சாமான் எதுவும் மிஞ்சவில்லை.

சக்கரம், பீங்கான் சூளையில் தீ பார்க்கும் தேவநாதனுடையது. சனிக்கிழமை காலை நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கு அவர் புதுச்சேரியில் கிளம்பி, அறுநூறு கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்தில் மிதித்து முடிக்க வேண்டும். போன வருஷமும் போனார். கிளம்புவதற்கு முந்தின வாரம் மிதிப்பதைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், ஓட்டம் நடத்துகிறவர்கள். இவரோ பயத்தில் தினமும் நூறு கிலோமீட்டர் மிதித்தார். ஓட்டத்தில் நானூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில் இரண்டு காலும் மரக்கட்டையாகி, பூசணிக்காய் வேனில் ஏறித் திரும்பினார். பாய் கட்டிய சக்கரம் சரியில்லையாம் என்று டீக்கடையில் பேச்சு. தேவநாதன் மறுக்கவில்லை. வாயில் வடை இருந்ததாம்.

இந்த வருஷம் அந்தக் கால்களை வெள்ளிக்கிழமை வரை காப்பாற்றியாக வேண்டும். திங்களன்று சரிபார்க்க வந்த சைக்கிளை அமானுல்லா வெளியே விடவில்லை. ஆனால் பொய் சொல்ல அவருக்கு வராது. அதனால் தினமும் கடை திறந்ததும் ஒரு கோட்டத்தை வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னார்.

"இன்னும் கோட்டம் இருக்குதா பாய்?"

"இருக்குது. நீங்களே சுத்திப் பாருங்க, சூளைக்காரரே."

"நேத்து பின்னாடி இருந்துது?"

"இன்னைக்கு முன்னாடி இருக்குது."

"காலு துருதுருங்குது. நல்லூரு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"சூளைய அணைச்சிட்டு, ஆறட்டும்னு எத்தன நாளு கதவ மூடி வெக்கிறீங்க?"

"ரெண்டு நாளு. முன்னாடியே தொறந்தா அத்தனையும் விரிசல் வுட்டுடும்."

அமானுல்லா அவருடைய கால்களையே பார்த்தார்.

"சூளை வேற, காலு வேற பாய்."

வியாழன் காலை தேவநாதன், தன் மகள் காவியாவின் கூடை வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயர் வெடித்திருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எங்கிருந்து?"

"கருவேப்பிலங்குறிச்சி. ஒரு டீ குடிக்கலாம்னு."

"இங்க டீயே கெடைக்கலையா?"

"வரும்போது ஓட்டல பாய், தள்ளிக்கிட்டுதான் வந்தேன்."

அமானுல்லா டயரைக் கழற்றினார். சும்மா நிற்க முடியாத தேவநாதன், தன் முன்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினார். வெந்த பீங்கானைத் தட்டியே விரிசல் கண்டுபிடிக்கிற காது அது. டிங், டிங், டிங் என்று வந்த ஓசை ஓரிடத்தில் மூன்று முறை தொப்பென்று விழுந்தது.

"மூணு கம்பி மட்டும் தானா தளருமா பாய்?"

"தளராது."

"அப்ப யாரு தளர்த்துனது?"

"நான்தான்."

"நாலு நாளாவா?"

"நாலு நாளா. நல்ல வேலையக் கெடுத்துட்டு, சோறு எறங்கல எனக்கு."

தேவநாதன் மகளின் சைக்கிளைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். "நாளைக்கு வரேன், எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து அமானுல்லா கோட்டம் எடுத்தார். எல்லாக் கம்பியும் ஒரே குரலில் பேசும்வரை விடவில்லை. சாயங்காலம் தேவநாதன் எதிர் டீக்கடையில் நின்று, அங்கிருந்த ஆறு பேருக்கும் கேட்கும்படி, "போன வருஷம் சக்கரத்துல ஒண்ணும் கொறையில்லப்பா, என் காலுலதான்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். வாயில் வடை இல்லை.

அமானுல்லா சைக்கிளை அவர் கையில் கொடுத்தார்.

"ஏறி ஓட்டிப் பாக்கலையா?"

"ஆறட்டும் பாய்" என்ற தேவநாதன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.