அப்பாவுக்கும் இதுதானா

சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையை நாற்பது வயதில் இழந்தேன். வேலை தெரியாமல் அல்ல. புதிதாக ஒரு பம்பை வடிவமைக்கச் சொன்னால் சாப்பாட்டையே மறந்துவிடுவேன். முடித்த படத்தில் ஒரு சின்னத் திருத்தம் என்றால் மட்டும் கை எழாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். பொழுது போய்விடும்.

என் வீட்டுக்காரர்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். எனக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைபாடு என்றும், அது சிறுவயதிலிருந்தே இருந்திருக்கிறது என்றும் சொன்னார் அந்த டாக்டரம்மா.

"ஒரு வேலை முக்கியம்னு தெரியறது வேறங்க, அதைத் தொடங்க வைக்கற உந்துதல் வேறங்க. அந்த உந்துதலுக்கு டோபமைன்னு ஒரு ரசாயனம் வேணும். உங்க மூளையில அது வேலை செய்யற விதம் வேற. புதுசு, புடிச்சது, அவசரம்னா நகரும். மத்ததுக்கு நகராது. சோம்பேறித்தனம் இல்லீங்க இது."

மாத்திரை ஓரளவு கேட்டது. போன வேலை திரும்பி வரவில்லை.

டாக்டரைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோமனூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் விசைத்தறி வைத்திருந்தவர். ஊரில் யார் தறி நின்றாலும் ஓடிப்போய்ச் சரிசெய்வார். எங்கள் தறி பழுதானால், உதிரிபாகம் வாங்கி வந்த பிறகும் மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். "ஊரான் தறியெல்லாம் ஓடுது, நம்மூட்டுத் தறிக்குத்தான் நாதியில்லை" என்று அம்மா தினமும் கத்துவாள். அவர் இறந்த பிறகும் போனில் அவரைத் திட்டாமல் அவளால் பேச்சை முடிக்க முடியாது.

நான் சொல்லி முடித்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அப்ப உங்கப்பாவுக்கும் இதுதானா கண்ணு?"

"தெரியலீங்மா. இருந்திருக்கலாம். பரம்பரையா வரும்னு டாக்டர் சொன்னாங்க."

"சாகற அன்னைக்குக் காலைலகூட சோம்பேறின்னு சொல்லிப்போட்டேனே."

"உங்களுக்கு அப்ப எப்படீங்மா தெரிஞ்சிருக்கும்?"

கீரையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று நான் சமைத்ததை அவள் தொடவில்லை.

இப்போது போன் செய்தால், மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்கிறாள். அப்பாவைத் திட்டுவதில்லை. அவரைப் பற்றி எதுவுமே பேசுவதில்லை. நான் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால், திட்டுவதற்காகவாவது அவர் அவளோடு இருந்திருப்பார் என்று தோன்றுகிறது.