டிவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிய ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஜூன் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் உள்ள ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடி. அங்கே ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து, நாங்கள் பதினொரு பேர் வாரா வாரம் கூடி வீடியோ கேமில் சண்டை போடுவோம்.

நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது வயது முப்பத்தாறு. டீச்சருக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே திரை, எதிரெதிராக இரண்டு பேர், ஆளுக்கொரு கன்ட்ரோலர். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று அவன் மனதைப் படிக்கிற ஆட்டம் அது. நெட்டில் முகம் தெரியாதவர்களோடு ஆடுவதும், பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே ஆடுவதும் ஒன்றல்ல. ஆடுவதற்கான டிவியையும் கேம் பெட்டியையும் நான்தான் கொடுத்திருந்தேன்.

முதலில் இருபத்தைந்து பேர் இருந்தோம். குறைந்துகொண்டே வந்தது. புதிதாக யார் வந்தாலும் ஒரு வாரம்தான், மறுவாரம் காணோம். குழுவை நடத்தியவர் ஒவ்வொரு ஞாயிறும் இதையே புலம்புவார். எல்லோரும் இப்போது மொபைலில் ஆடுகிறார்கள், அதனால்தான் என்போம். மழை, பரீட்சை, பெட்ரோல் விலை என்று எதையாவது காரணம் சொல்வோம்.

அன்றைக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். கீழ்த்தளத்தில் பாத்ரூம்களுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை செய்பவர், தென்காசிப் பக்கம். சத்தம் கேட்டு மேலே வந்திருக்கிறார். ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த கேம் கடையில் இதே ஆட்டத்தை வருடக்கணக்கில் ஆடியிருப்பதாகச் சொல்லி, தானும் ஒரு ஆட்டம் ஆடலாமா என்று தட்டுத்தடுமாறிய மலையாளத்தில் கேட்டார்.

முதலில் என்னோடு ஆடினார். இரண்டாவது ரவுண்டில் நான் ஜெயிக்க வேண்டிய இடத்தில் என்னைச் சரியாகக் கணித்துத் தூக்கி அடித்தார். "போச்சு, விட்டுட்டேனே" என்று என்னை அறியாமல் தமிழில் முணுமுணுத்தேன். அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. என் வீடு கரமனை அக்ரஹாரத்தில். வீட்டில் பேசுவது தமிழ். அந்த ஹாலில் யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பதால் என் மலையாளத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. அது வசதியாக இருந்தது.

அடுத்து அவர் எங்கள் சாம்பியனோடு உட்கார்ந்தார். கொச்சிப் போட்டியில் எங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தவன் அவன். "எல்லாரும் பர்ஸ் நோக்கிக்கோ, பாண்டி வந்நிட்டுண்டு" என்றான். பாண்டி என்பது இங்கே தமிழ்க்காரர்களை மட்டமாகச் சொல்ல வைத்திருக்கும் வார்த்தை. பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆட்டம் முடிகிற வரைக்கும் அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த வார்த்தை. வந்தவர் தோற்றார். கன்ட்ரோலரைச் சட்டை நுனியால் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

என்னால் உட்கார முடியவில்லை. டீ குடிக்கப் போவது போல இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். நன்றாக ஆடினீர்கள் என்று மலையாளத்தில் சொன்னேன்.

"நீங்க தமிழ்தானக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவங்க சிரிச்சதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. தினம் கேக்குததுதான். நீங்களும் சிரிச்சீங்கள்லா, அதான்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனைப் பட்டப்பெயர் சொன்னால் எழுப்பி நிறுத்துகிறவள் நான். அந்த வாரம் முழுக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதும்போதெல்லாம் முகம் சுட்டது.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கி எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றேன். போன வாரம் வந்தவரிடம் சாம்பியன் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்த வார்த்தை இனி இந்த ஹாலில் கேட்கக் கூடாது என்றேன்.

"தமாஷல்லே சேச்சீ" என்றான் சாம்பியன், வெறும் தமாஷ்தானே அக்கா என்று.

குழுவை நடத்தியவர் என்னைத் தனியாக அழைத்து, "அவன் போயால் பின்னே ஈ குரூப் இல்ல சேச்சி" என்று கெஞ்சினார். அவன் போய்விட்டால் இந்தக் குழுவே இருக்காது என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரன் ஒருவனைக் காப்பாற்ற, வாரம் ஒரு ஆளை வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

நான் திரும்பி வந்து, அதுவரை அந்த ஹாலில் பேசாத பாஷையில் சொன்னேன்: "நானும் தமிழ்தான். எங்காத்துல தமிழ்தான் பேசறோம். அந்த வார்த்தையைச் சொல்றவா யாரும் என் டிவியில ஆட வேண்டாம்."

பிறகு அதையே மலையாளத்திலும் சொன்னேன், புரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

டிவியை எடுத்துக்கொண்டு போய்க்கொள் என்றான் அவன். நான் போக மாட்டேன் என்று நினைத்திருப்பான். பிளக்கைப் பிடுங்கினேன். நடந்துகொண்டிருந்த ஆட்டம் பாதியில் கறுத்துப்போனது.

மூன்று மாடி இறங்க வேண்டும். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. ஹாலில் யாரும் அசையவில்லை. அப்புறம் இருவர் எழுந்தார்கள். ஒருவர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், இன்னொருவர் நர்சிங் படிக்கும் பெண், இருவரும் மலையாளிகள். படியில் டிவியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே கடைக்காரர் சொன்னார், நான் வராத ஒரு ஞாயிறு அவருடைய தம்பி வந்தானாம். அவனுக்குத் திக்குவாய். ஹாலில் இருந்தவர்கள் அதைப் பேசிக் காட்டினார்களாம். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. "நானும் அன்னு மிண்டாதே இருந்நு" என்றார். அவரும் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்துவிட்டார்.

ஆட்டோவில் டிவிக்குத் தார்ப்பாய் போர்த்தி, நாங்கள் நனைந்துகொண்டே கரமனை வந்து சேர்ந்தோம். அம்மா கதவைத் திறந்தாள்.

"என்னடி இது, ஊரெல்லாம் தண்ணியா ஓடறது, டிவியைத் தூக்கிண்டு வரே?"

"இனிமே ஞாயித்துக்கிழமை நம்மாத்து ஹால்லதாம்மா ஆட்டம்."

"எத்தனை பேர் வரப்போறா?"

"மூணு பேர். அதுவும் நிச்சயமில்லை."

"மூணு பேருக்கு இத்தனை பெரிய டிவியா?" என்று சொல்லிவிட்டு, துடைக்கத் துண்டு எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேராக லாட்ஜுக்குப் போனேன். அவர் தரையில் குத்துக்காலிட்டு டைல் அறுத்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிவிட்டேன், மன்னிக்க வேண்டும், ஞாயிறு எங்கள் வீட்டுக்கு ஆட வர வேண்டும் என்று தமிழில் சொன்னேன். மற்ற வேலையாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவருக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

"அதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வந்தீங்களாக்கா? ஞாயித்துக்கெழம அரைநாள் கேட்டுப் பாக்கேன்" என்றார்.

வந்தார். நாலு பேர் உட்கார்ந்து ஆடினோம். எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றி அடித்து நொறுக்கினார், ஒவ்வொரு முறையும் நாங்கள் எங்கே தப்பு செய்தோம் என்று நிறுத்திக் காட்டினார். பழைய குழுவிலிருந்து ஒருவர், நாலு பேரை வைத்துக்கொண்டு என்ன போட்டி நடத்துவீர்கள் என்று செய்தி அனுப்பினார். நாலு பேர் போட்டி என்று பதில் அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் தென்காசிக்காரர் கொல்லத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வருத்தம்தான். ஆனால் அதற்குள் கடைக்காரரின் தம்பி வந்திருந்தான். அவன் பேசி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள், அவ்வளவுதான் நாங்கள் செய்தது. நர்சிங் பெண் தன் விடுதித் தோழிகள் இருவரை அழைத்து வந்தாள். இப்போது பதினான்கு பேர் வருகிறோம். கொச்சியில் எங்களில் ஒருவரும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அதைச் சொல்லிக் கேலி செய்கிறவர்கள் உண்டு, செய்யட்டும்.

சாம்பியன் போன வருடம் எனக்குச் செய்தி அனுப்பினான். அங்கே ஆடுவதற்கு ஆளே இல்லையாம், இங்கே வரலாமா என்று கேட்டான். முதலில் கொல்லத்தில் இருப்பவருக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேள், பிறகு வா என்று நம்பரை அனுப்பினேன். இதுவரை அவன் போன் செய்யவில்லை. நானும் நிபந்தனையை மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை.

கோப்பை வாங்காத கூட்டம் என்று எங்களை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், முதல் நாள் வந்து மோசமாகத் தோற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டே "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறாரே, அதைவிடப் பெரிதாக நான் எதையும் ஜெயித்ததில்லை.