முன்வரிசையில் ஒரு குரங்குக் குல்லா

கொல்கத்தாவில் எங்கள் கணிதக் கருத்தரங்குக்கு நகரின் தெற்கே டாலிகஞ்சிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். என் வயதுதான் இருக்கும். ஏசிக்குப் பயந்து குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசினாலும் தூங்குவார். கைதட்டல் கேட்டதும் விழித்து ஒரே கேள்வியைக் கேட்பார்: “அச்சா, வரிசையை மாத்தினா என்ன ஆகும்?” பேசியவர் தன் குறிப்புகளை முதலிலிருந்து புரட்ட ஆரம்பிப்பார்.

அவரை மடக்குவதற்காகவே, சமச்சீர் டென்சர்கள் என்னும் பல அடுக்கு எண் அட்டவணைகளின் அளவைச் சொல்லும் நார்ம்களைப் பற்றிப் பேச எடுத்தேன். அந்த டென்சர்களில் வரிசையை எப்படி மாற்றினாலும் எதுவும் மாறாது.

குறட்டை, கைதட்டல், கேள்வி எல்லாம் வழக்கப்படியே வந்தன.

“ஒண்ணும் ஆகாது தாதா!” என்றேன், வங்காளிகள் மரியாதையாக ‘அண்ணா’ என்பதைப் போல. அரங்கமே சிரித்தது.

அவர் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றினார். “அப்போ டென்சரைத் துண்டு துண்டாப் பிரிச்சு, சமச்சீரான துண்டுகளை மட்டும் வெச்சு அளந்தாலும், எல்லாத் துண்டையும் வெச்சு அளந்தாலும், அதே அளவுதான் வருமா?”

எல்லா இடத்திலும் வராது. வரும் என்று நம்பித்தான் என் தேற்றத்தையே கட்டியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மறுபடியும் கண்ணை மூடிவிட்டார்.

இத்தனை நாளும் அவர் தூங்குகிறார், நான் விழித்திருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்? வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.